முடிவு எங்கே? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு பேப்பர் ஏஜென்டின் திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்திச் சேனல்களிலும் ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் மணப்பாறைப் பக்கம் பேப்பர் ஏஜென்ட். நீங்கள் ராத்திரி முடித்து அச்சுக்கு அனுப்புவது விடிகாலை நாலு மணிக்கு என் காலடியில் கட்டாக வந்து விழும். கயிற்றை அறுத்து, எண்ணிப் பார்த்து, இணைப்பைச் சொருகி, லைன் பையன்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மிச்சத்தைக் கடையில் அடுக்கி, போஸ்டரைக் கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால் மணி ஆறு. இந்த வேலையை அப்பா இருபத்தெட்டு வருஷம் பார்த்தார். 1986இல் நான் வாங்கிக்கொண்டேன்.

கட்டைப் பிரித்ததும் நான் முதலில் படிப்பது முதல் பக்கத்தை இல்லை, போஸ்டரை. நாலே நாலு சொல்தான் அதில் இருக்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் இன்றைக்கு எத்தனை காப்பி தேறும், எத்தனை ரிட்டர்ன் போகும் என்று மனசில் கணக்கு ஓடிவிடும். 'பலி' என்று இருந்தால் எட்டு மணிக்குள் கடை காலி. 'பகீர்', 'திடுக்', 'அதிர்ச்சி' மூன்றில் ஒன்றாவது இல்லாத வாரத்தை நான் பார்த்ததில்லை. ரிட்டர்ன் கட்டு கனமாக இருக்கிற நாள், பெரும்பாலும் நாட்டில் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாத நாளாக இருக்கும்.

என்னை உத்தமனாக நினைத்துவிட வேண்டாம். 2004 டிசம்பரில் சுனாமி வந்த மறுநாள், டெப்போவுக்குப் போன் போட்டு "இருநூறு சேர்த்துப் போடுங்க" என்று கேட்டவன் நான். அத்தனையும் விற்றது. அந்த வாரக் கமிஷனில் மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கினேன். கரையில் பிணங்கள் கிடந்த படத்தை விற்ற காசு அது என்று அப்போது தோன்றவில்லை, பை கிழிந்த பிறகுதான் தோன்றியது. ஆக, இந்த மடலை எழுதும் கையும் மையில் தோய்ந்த கைதான்.

கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்கிற கேள்வி நாற்பது வருஷமாக ஒன்றுதான். "ஏன்யா, இந்த நாட்டைப் பத்தி நல்லதா ஒண்ணுமே போட மாட்டீங்களா?" நானே எழுதுவதுபோலக் கேட்பார்கள். "நான் எழுதலைங்க, தூக்கத்தான் செய்றேன்" என்பேன். சிரித்துவிட்டு, கொலைச் செய்தி இருக்கிற பேப்பரைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவர்கள் கேட்பதை நான் உங்களிடம் அப்படியே கேட்கப் போவதில்லை. காரணம் இருக்கிறது.

நெருக்கடி நிலையின்போது எனக்குப் பன்னிரண்டு வயது. 1976 ஜனவரி 31ஆம் தேதி இங்கே ஆட்சியைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகும் கட்டு வந்துகொண்டுதான் இருந்தது, சேதிதான் வரவில்லை. ரயில் நேரத்துக்கு ஓடுகிறது, உற்பத்தி பெருகுகிறது, இருபது அம்சத் திட்டம் வெற்றிமேல் வெற்றி. பேப்பர் முழுக்க நல்லதுதான். வாங்க வருகிறவர்கள் காசைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இதுல இல்லாதது ஏதாச்சும் உண்டா?" என்று அப்பாவைக் கேட்பார்கள். அந்த பிப்ரவரியில் முரசொலி ஒரு பெயர்ப் பட்டியல் போட்டது: அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று. தணிக்கை அதிகாரியின் கண்ணுக்கு அது அஞ்சலிச் செய்தி. விவரம் தெரிந்தவர்களுக்கு, யார் யார் உள்ளே போய்விட்டார்கள் என்ற பட்டியல். அப்பா எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் அந்தத் தாளை ரொம்ப நாள் டிரங்குப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்திருந்தார்.

அதற்கு முன்னால் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். போர்க்காலம். பஞ்சம் என்ற சொல் வெளியே போகாமல் அரசு பார்த்துக்கொண்டது. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ், அவரும் வெள்ளைக்காரர்தான், அந்த ஆகஸ்டில் தெருவோரம் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்டார். அதற்கப்புறம்தான் மூடி மறைப்பது முடியாமல் போனது. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு பஞ்சம் வராததற்குத் தேர்தலும் பத்திரிகையும் பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் சொன்னதைப் பிற்பாடு நான் விற்ற பேப்பரிலேயே படித்தேன். ஆகவே கெட்டதைப் போடாதீர்கள் என்று எவன் சொன்னாலும், அவன் மந்திரியாக இருந்தாலும், என் கடை வாடிக்கையாளராக இருந்தாலும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என் மனக்குறை வேறு. நீங்கள் தொடக்கத்தைப் போடுகிறீர்கள், முடிவைப் போடுவதில்லை.

நம்பி நாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் பிறந்தவர், இஸ்ரோ விஞ்ஞானி, ராக்கெட்டுக்கான விகாஸ் எஞ்சின் இங்கே உருவாக உழைத்தவர். 1994 நவம்பர் 30ஆம் தேதி கேரள போலீஸ் அவரைக் கைது செய்தது. ராக்கெட் ரகசியம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதாம், மாலத்தீவுப் பெண்கள் இரண்டு பேர் வழியாக. உளவு, பெண், பாகிஸ்தான் மூன்றும் ஒரே செய்தியில்! மலையாளப் பத்திரிகைகள் தொடராகவே எழுதின. இந்தப் பக்கமும் யாரும் சளைக்கவில்லை. அந்த டிசம்பரில் போஸ்டருக்கு வறட்சியே கிடையாது. நான் மாட்டினேன், விற்றேன். கடை வாசலில் நின்று "நம்ம நாட்டுல விக்காதது என்னதான் இருக்கு, ராக்கெட்டையே வித்துப்புட்டான்" என்று ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

விற்றதாகச் சொன்ன கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின், அப்போது நம்மிடம் இல்லவே இல்லை. ரஷ்யாவிடம் வாங்க ஒப்பந்தம் போட்டு, அமெரிக்கா நெருக்கியதில் 1993இல் அந்தத் தொழில்நுட்பம் வராமலே போயிருந்தது. நாமே செய்த எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் ஒழுங்காகப் பறந்தது 2014 ஜனவரியில்தான். கையில் இல்லாத சாமானை ஒருவர் விற்றுவிட்டார் என்று எழுதினோம். இதை ஒரு நிருபர் ஒரு மணி நேரம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்காதா?

1996இல் சிபிஐ, வழக்கில் சாரமே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. 1998இல் உச்ச நீதிமன்றமும் மறு விசாரணை வேண்டாம் என்றது. 2018 செப்டம்பர் 14ஆம் தேதி, அவர் தேவையில்லாமல் கைது செய்யப்பட்டார், துன்புறுத்தப்பட்டார் என்று சொல்லி, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இருபத்துநாலு வருஷம். தீர்ப்புக்கு மறுநாள் என் கம்பியில் என்ன போஸ்டர் தொங்கியது என்று நினைவில்லை. இது இல்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் தேடினேன். உள்ளே செய்தி இருந்தது, ஒழுங்காகவே இருந்தது. ஆனால் ராக்கெட்டை விற்றுவிட்டான் என்று வாசலில் நின்று சொன்னவர் உள்பக்கம் வரைக்கும் போகிற ஆள் இல்லை. 2018இல் அவர் உயிரோடும் இல்லை. நம் நாட்டு விஞ்ஞானி நாட்டை விற்றுவிட்டான் என்ற நினைப்போடேதான் போய்ச் சேர்ந்தார். அந்த நினைப்பை மூன்று ரூபாய்க்கும் குறைவாக அவருக்கு விற்றவன் நான்.

இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம். நடுக்காட்டுப்பட்டியில் ரெண்டு வயசுப் பிள்ளை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. என் கடையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் எங்கள் வட்டம், எங்கள் சாலை. சனிக்கிழமை பொழுது விடியும்போது டிஷ் வைத்த வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார்கள், பாறை விடவில்லை. தோண்டத் தோண்ட, திரையின் ஒரு மூலையில் மணிக்கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. தீபாவளியன்று புதுச்சட்டையின் மஞ்சள் கூடக் காயாமல் ஜனங்கள் டீக்கடை டிவி முன்னால் நின்றார்கள். பட்டாசுச் சத்தமே குறைவு. அது நல்ல மனசுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அங்கேதான் நின்றேன்.

29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை விடிகாலை கட்டு வந்தது. பிரித்தால், மீட்புப் பணி தீவிரம் என்று முதல் பக்கம். நிமிர்ந்து எதிர் டீக்கடையைப் பார்த்தால் டிவியில் பிள்ளை இறந்துவிட்டான். எண்பது மணி நேரத்துக்கு மேல் போராடி, ராத்திரியோடு ராத்திரியாக உடலைத்தான் எடுத்தார்கள். செய்தி வருவதற்குள் எங்கள் எடிஷன் அச்சேறிவிட்டது. அது யார் தப்பும் இல்லை. ஆனால் லைன் பையன் அந்தப் பேப்பரை கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இதப் போடணுமா?" என்றான். போடச் சொன்னேன். வீடு வீடாக, உயிரோடிருக்கும் பிள்ளையைப் போட்டுவிட்டு வந்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? உங்களிடம்தான் கேட்கிறேன். ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010இலேயே விதி சொல்லியிருந்தது: தோண்டும்போது வேலி போடு, பலகை வை, கைவிட்டால் அடி வரை நிரப்பு. 2015இல் தமிழ்நாட்டிலும் இதற்கென்று விதிகள் வந்தன. 2006இல் ஹரியானாவில் ஒரு பையனை ஐம்பது மணி நேரம் போல நாடே டிவியில் பார்த்து, உயிரோடு எடுத்தார்கள். 2014இல் சங்கரன்கோவில் பக்கம் ஒரு பையனை மதுரைக்காரர் ஒருவர் செய்த ரோபோ தூக்கி வந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டி வருகிறது, மணிக்கணக்கு ஏறுகிறது, பிள்ளை பிழைக்கிறது அல்லது போகிறது, வண்டி கிளம்புகிறது. அந்த நாலு நாளில் எங்கள் சாலையில் போன வண்டிகளில் ஒன்றைக்கூட அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனர் தோட்டத்துக்குப் போனேன். அவரிடமும் ஒன்று இருந்தது, தண்ணீர் வராமல் விட்டது. வாயில் சாக்கைத் திணித்து மேலே ஒரு கல்லை வைத்திருந்தார், பதினோரு வருஷமாக. நானும் அவரும் கேசிங் பைப்புக்கு இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்தோம். பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துவிட்டு, தன்னுடையதில் மண்ணையும் ஜல்லியையும் கொட்டி நிரப்பினார். ஊராட்சியிலிருந்து ஒருவர் வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு வாரத்தில், எனக்குத் தெரிந்து, எங்கள் லைனில் மட்டும் ஒன்பது குழிகள் மூடப்பட்டன. இதை யாரும் போடவில்லை. போட அதில் என்ன இருக்கிறது, ஒரு இரும்பு மூடி! ஆனால் எங்கள் வட்டத்தில் மொத்தம் எத்தனை குழி இருந்தது, எத்தனை மூடினார்கள், எத்தனை இன்னும் சாக்கு அடைத்துக் கிடக்கிறது? இந்த மூன்று எண்ணிக்கையை ஒரு வருஷம் கழித்து ஒருவர் வந்து கேட்டு எழுதியிருந்தால், மூடாதவனுக்குப் பயம் வந்திருக்கும். மூடினவனுக்கும் தான் செய்தது ஒரு காரியம்தான் என்று தெரிந்திருக்கும்.

முடிவைப் பார்க்காமலே நாற்பது வருஷம் பேப்பர் படித்தவன் என்ன ஆவான் என்று நான் தினமும் பார்க்கிறேன். "இந்த நாட்டுல எதுவும் நடக்காதுங்க" என்பான். அவன் நாட்டை வெறுப்பவன் கிடையாது. நடந்ததை யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஊடகம் ஒருதலைப்பட்சம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது, அந்தக் கட்சிக்கு ஆதரவு, இந்தக் கட்சிக்கு எதிர்ப்பு என்று. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பேப்பரின் பெயரைப் பார்த்தாலே எங்கள் ஊர் டீக்கடையில் அதைக் கழித்துக்கொண்டுதான் படிப்பார்கள். கழிக்க முடியாதது, முடிவைச் சொல்லாமல் விடுகிற இந்தச் சாய்வுதான்.

போலியோவையே பாருங்கள். என்னோடு படித்த பையன் ஒருவன் காலில் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு வருவான். எல்லா வகுப்பிலும் அப்படி ஒருவன் இருப்பான். 2009இல் நம் நாட்டில் 741 பேருக்குப் போலியோ, உலகத்தில் அதிகம் நாம்தான். மறு வருஷம் 42. 2011இல் ஒன்றே ஒன்று, ஹவுராவில் ஒரு பெண் குழந்தை. அதற்கப்புறம் இல்லை. 2014 மார்ச் 27ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இந்தியாவையும் சேர்த்து தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ இல்லை என்று சான்றிதழ் கொடுத்தது. அது நாடாளுமன்றத் தேர்தல் நேரம். என் கம்பியில் எல்லாப் போஸ்டரிலும் கூட்டணி, தொகுதி, வேட்பாளர். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு, நீலப் பெட்டியோடு நின்று சொட்டு மருந்து ஊற்றிய அங்கன்வாடி அம்மாக்கள் எத்தனை பேர்! ஜெயித்துவிட்டோம் என்று அவர்களுக்கே யார் சொன்னார்கள்?

இங்கே நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். நல்ல செய்தி போட்டால் விற்காது. விற்காதுதான், ரிட்டர்ன் கட்டைத் தூக்குகிறவன் நான். ஆனால் அதில் உங்கள் கைங்கரியமும் கொஞ்சம் இருக்கிறது. நல்லது என்று நீங்கள் போடுவது பெரும்பாலும் இணைப்பாக வருகிறது. மந்திரியின் பிறந்த நாள் சிறப்பிதழ், ஆட்சியின் சாதனை மலர், கல்லூரி ஆண்டு விழா. பொடி எழுத்தில் ஓரத்தில் 'விளம்பரப் பகுதி' என்று இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. டெல்லிச் சேனல்கள் சிலவற்றில் அந்த எழுத்துக்கூட வேண்டியதில்லை, ராத்திரி முழுக்க அதே பஜனைதான். கடைசியில் எங்கே வந்து நிற்கிறது என்றால், நல்ல செய்தியைப் பார்த்தாலே 'இதுக்கு எவ்வளவு வாங்கியிருப்பான்' என்று வாசகன் கேட்கிறான். கெட்டது மட்டும்தான் காசு வாங்காமல் போட்டது என்று நம்புகிறான். இந்த நம்பிக்கையை உண்டாக்கினது யார்?

வெளிநாட்டுக்காரன் நம்மைக் கேவலமாக எழுதினால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. 2014இல் மங்கள்யான் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்ததும், நியூயார்க் டைம்ஸில் ஒரு கார்ட்டூன் வந்தது. மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைப்பாகைக்காரர் விண்வெளிக் கனவான்கள் சங்கத்தின் கதவைத் தட்டுகிறார். இங்கே பெரிய கொதிப்பு. நானும் கொதித்தேன், மணப்பாறைக்காரனிடம் மாட்டைக் கேலி பண்ணினால்? ஆனால் சில நாளிலேயே அந்தப் பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. நம்பி நாராயணன் விஷயத்தில் நாம் எப்போது கேட்டோம் என்று எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

நாமே அடிவாங்கின கதையும் ஒன்று உண்டு. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே பரவியது. எங்கேயோ எப்போதோ நடந்த சண்டைகளின் வீடியோக்களைச் சேர்த்துச் சுற்றவிட்டார்கள், சில இந்திப் பத்திரிகைகளும் விசாரிக்காமல் எழுதிவிட்டன. எங்கள் பஸ் ஸ்டாண்ட் ஹோட்டலில் பரோட்டா போடும் பையன் பீகார். அவன் அம்மா போனில் அழுதது கடை வாசல் வரைக்கும் கேட்டது. அவன் அடுப்பு முன்னால் நின்று, போனை வீடியோவாக மாற்றி, கல்லை, மாவை, முதலாளியை, சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை, ஒவ்வொன்றாகக் காட்டினான். நான் எச்சில் கையோடு கும்பிட்டேன். அந்த அம்மா நம்பவில்லை. டிவியில் பார்த்துவிட்டார்களே! ஹோலிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வர ஒரு மாசமானது. தமிழ்நாட்டு போலீஸ் பொய் என்றது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. அந்த முடிவு அவன் அம்மா பார்க்கும் சேனலில் வந்ததா என்று கேட்டேன். "பதா நஹி அண்ணே" என்றான், தெரியாது என்று.

அந்த வாரம் நம் பத்திரிகைகள் எல்லாம் ரொம்ப வேதனைப்பட்டு எழுதின, தமிழ்நாட்டைத் தப்பாகக் காட்டிவிட்டார்கள் என்று. சரிதான். ஆனால் அதே கட்டில், மூன்றாம் பக்கத்தில், 'வடமாநில வாலிபர் கைது' என்று இருந்தது. சைக்கிள் திருட்டு. திருடியவன் திண்டுக்கல்லாக இருந்தால் 'தென்மாவட்ட வாலிபர்' என்று போடுவீர்களா? வருஷம் முழுக்க அந்த ஒரு சொல்லை நீங்கள் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறீர்கள். பரோட்டா பையன் பேப்பர் படிப்பதில்லை, அதனால் தப்பித்தான். படித்தவர்கள் அவனைப் பார்க்கும் பார்வை என் கடையில் தெரிகிறது.

ராத்திரி விவாதங்களைப் பற்றி எழுத நினைத்தேன். நாலு கட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். வேண்டாம், அதை என் மனைவி ரிமோட்டில் தீர்த்துவிடுகிறாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் புதுச் செய்தியே வேண்டாம். போன வருஷம் நீங்களே முதல் பக்கத்தில் போட்டதை எடுத்து, இப்போது அது என்ன நிலையில் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். பாலம் இடிந்ததா, கட்டினார்களா, யார் மேல் வழக்கு, வழக்கு எந்தக் கோர்ட்டில் தூங்குகிறது? கள்ளச்சாராயத்தில் செத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா? கட்டவில்லை, போகவில்லை என்றால் அப்படியே போடுங்கள், கெட்ட செய்தியாகவே இருக்கட்டும். கட்டிவிட்டார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், கட்டிய எஞ்சினீயர் பெயரோடு. ஒருவரைக் குற்றவாளி என்று எந்த அளவு எழுத்தில் போட்டீர்களோ, விடுதலையானால் அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில் போடுங்கள். அதற்கு ஒரு போஸ்டரும் அடியுங்கள். விற்குமா என்று பார்த்துவிடுவோம். நடுக்காட்டுப்பட்டிக்கு உங்கள் வண்டியை இன்னொரு தடவை அனுப்புங்கள். நாலு நாள் வேண்டாம், ஒரு நாள் போதும். என் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வழிகாட்டிக்கொண்டு முன்னால் வருகிறேன்.

கட்டில் ஒரு தாள் கூடும், பையன்களுக்குச் சொருகும் வேலை பத்து நிமிஷம் அதிகமாகும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வண்டியை மட்டும் நாலு மணிக்கு மேல் தாமதம் பண்ணாமல் அனுப்பிவையுங்கள், இப்போதெல்லாம் ஆறு மணிக்கே போன் வந்துவிடுகிறது, பேப்பர் இன்னும் வரலையே என்று.

இப்படிக்கு,
பேப்பர் ஏஜென்ட்,
மணப்பாறை வட்டம்